குண்டு பல்பா, டியூப் லைட்டா, எல்.இ.டி.யா? வீட்டு விளக்குகளும் கரண்ட் பில்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் எந்த விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என்று ஒரு ஈ.பி. ரீடிங்கிலிருந்து அடுத்த ரீடிங் வரை நோட்டில் எழுதிப் பார்த்தேன். வீட்டில் எல்லோரும் கேலி செய்தார்கள். ஆனால் அதற்கப்புறம் சொந்தக்காரர்கள், எதிர்வீட்டார், மாடிவீட்டார் என்று யார் பல்பு வாங்கப் போனாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை. கணக்குகள் எல்லாம் தமிழ்நாட்டு வழக்கப்படி இரண்டு மாத பில்லுக்கு, அதாவது 60 நாளுக்கு.

பல்பு வாங்கும்போது எத்தனை வாட் என்று பார்த்தால் போதும்தானே?

போதாது. வாட் என்பது மாட்டுக்குப் போடும் தீவனம். வெளிச்சம் என்பது கறக்கும் பால். தீவனக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் மாடு வாங்குவதில்லை. வெளிச்சத்தை அளக்கும் கணக்குக்கு லூமன் என்று பெயர். பெட்டியின் மேல் சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்.

குண்டு பல்பு மட்டுமே இருந்த காலத்தில் வாட்டைச் சொன்னால் வெளிச்சமும் புரிந்துவிடும். நாற்பது என்றால் மங்கல், அறுபது என்றால் நடுத்தரம், நூறு என்றால் கல்யாண வீடு. இன்று நாலு வகை பல்புக்கு நாலு கணக்கு. சுமாராகச் சொன்னால் இப்படி:

- 60 வாட் குண்டு பல்பு: ஏறக்குறைய 700 லூமன். ஒரு வாட்டுக்கு 12 லூமன்தான்.
- 14 அல்லது 15 வாட் சி.எஃப்.எல். (வளைந்த குழாய் பல்பு): 800 லூமன் பக்கம். வாட்டுக்கு 55.
- பழைய 40 வாட் டியூப் லைட்: 2,400 லூமன் பக்கம். சோக் தின்பதையும் சேர்த்தால் வாட்டுக்கு 45.
- 9 வாட் எல்.இ.டி. பல்பு: 900 லூமன் பக்கம். வாட்டுக்கு 100.

கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். கடையில் நிற்கும்போது லூமனை வாட்டால் வகுத்துப் பாருங்கள். எல்.இ.டி.யில் 90-க்குக் கீழே வந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வேறு கேளுங்கள்.

இன்னொன்று. ‘12 வாட் எல்.இ.டி., 100 வாட் பல்புக்குச் சமம்’ என்று கடைக்காரர் சொல்வார். நூறு வாட் குண்டு பல்பு 1,300 லூமனுக்கு மேல் தரும். 12 வாட்டில் வருவது 1,200 சொச்சம். அந்த வெளிச்சம் அப்படியே வேண்டும் என்றால் 14, 15 வாட்டாக வாங்குவது நல்லது.

குண்டு பல்பு ஏன் இவ்வளவு கரண்ட் இழுக்கிறது?

அது அடிப்படையில் ஒரு அடுப்பு. உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழையை 2,500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் அது பழுத்து ஒளிவிடும். போகிற மின்சாரத்தில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாக மாறுவது 5 சதவீதம் அளவுதான். மிச்சமெல்லாம் சூடு. மே மாதத்தில் ஹாலில் நாலு குண்டு பல்பை எரியவிட்டு ஏ.சி.யும் போடுகிறவர் ஒரு பக்கம் அடுப்பு மூட்டி இன்னொரு பக்கம் விசிறுகிறார். அந்தச் சூட்டை வெளியே தள்ள ஏ.சி. தனியாகக் கரண்ட் இழுக்கும்.

‘அந்தக் காலத்து பல்பு வருஷக்கணக்கில் எரிந்தது, இப்போது வேண்டுமென்றே ஆயுளைக் குறைத்துவிட்டார்கள்’ என்று ஒரு பேச்சு உண்டு. அது முழுக் கட்டுக்கதை இல்லை. 1924-இல் ஓஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பெரிய பல்பு கம்பெனிகள் ஜெனிவாவில் கூடி, பல்பின் ஆயுள் 1,000 மணி நேரம் என்று தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டன. அதைத் தாண்டி எரியும் பல்பு செய்தால் அந்தக் கம்பெனிக்கு அபராதம். ஃபீபஸ் கூட்டணி என்று பெயர். நியாயமான காரியம் இல்லை. ஆனாலும் இழையின் சூட்டைக் குறைத்தால்தான் அது நீண்ட நாள் தாங்கும், சூடு குறைந்தால் அதே கரண்டுக்கு வெளிச்சமும் குறையும். அமெரிக்காவில் லிவர்மோர் என்ற ஊரின் தீயணைப்பு நிலையத்தில் 1901-லிருந்து ஒரு பல்பு எரிந்துகொண்டிருக்கிறது. அதன் வெளிச்சத்தில் பேப்பர் படிக்க முடியாது. இரவு விளக்கு அளவுக்குத்தான் மினுங்கும்.

எல்.இ.டி.யில் மட்டும் எப்படிக் குறைந்த கரண்டில் இவ்வளவு வெளிச்சம்?

அதில் எதையும் பழுக்கக் காய்ச்சுவதில்லை. குறைகடத்திச் சில்லில் மின்சாரம் பாயும்போது நேராகவே ஒளி பிறக்கிறது. சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டது. டேப் ரெக்கார்டரில் மினுக்கிய சிவப்புப் பொட்டு ஞாபகம் இருக்கும். வெள்ளை வெளிச்சத்துக்கு நீல எல்.இ.டி. தேவைப்பட்டது, அதற்கு இன்னும் முப்பது வருஷம் ஆனது. அதைச் செய்துகாட்டிய இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு. உங்கள் வீட்டு வெள்ளை பல்புக்குள் இருப்பதும் நீலச் சில்லுதான். அதன்மேல் பூசிய மஞ்சள் பூச்சு நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. எரியாத எல்.இ.டி.யை உற்றுப் பார்த்தால் அந்த மஞ்சள் பொட்டுகள் தெரியும்.

சரி, மாற்றினால் பில்லில் உண்மையிலேயே எவ்வளவு குறையும்?

தினம் 6 மணி நேரம் எரியும் ஒரு விளக்கை எடுத்துக்கொள்வோம். 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

60 வாட் குண்டு பல்பு: 60 × 6 × 60 ÷ 1,000 = 21.6 யூனிட். அதே இடத்தில் 14 வாட் சி.எஃப்.எல். என்றால் 5 யூனிட். 9 வாட் எல்.இ.டி. என்றால் 3.2 யூனிட். குண்டு பல்பிலிருந்து எல்.இ.டி.க்கு வந்தால் ஒரு பில்லுக்கு 18 யூனிட் மிச்சம். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால் 90 ரூபாய். பல்பின் விலை அந்த ஒரு பில்லிலேயே அநேகமாகத் திரும்பிவிடும்.

சி.எஃப்.எல்.லிருந்து எல்.இ.டி.க்கு மாறினால்? இரண்டு யூனிட்கூட முழுசாகக் குறையாது. பத்து ரூபாய்க்கும் கீழே. அதனால் நன்றாக எரியும் சி.எஃப்.எல்.லைக் கழற்றி எறிய அவசரம் எதுவும் இல்லை.

ஆனால் எந்த யூனிட் குறைகிறது என்பதும் முக்கியம். தமிழ்நாட்டில் 2016-இல் வீடுகளுக்கு ஒரு பில்லுக்கு 100 யூனிட் இலவசம் என்று வந்தது. உங்கள் வீட்டுச் செலவே இலவச வரம்புக்குள் அடங்கினால், பல்பு மாற்றுவதால் பையில் காசு மிச்சமாகாது. நேர்மாறாக, 500 யூனிட் எல்லையை ஒட்டி நிற்கும் வீடுகள் இருக்கின்றன. அந்தக் கோட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் அதிகம் வாங்குவார்கள் என்று நினைக்காதீர்கள், கணக்குப் போடும் முறையே மாறிவிடும். கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் கைவிட்டுப் போகும். 510-இல் நிற்கிறவருக்கு ஒரே ஒரு குண்டு பல்பை மாற்றுவதே பெரிய காசு. கட்டண விகிதம் அவ்வப்போது மாறுவதால், கடைசியாக வந்த பில்லை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக் காசு இல்லை. எதை முதலில் மாற்றுவது?

அதிக நேரம் எரிவதை. நான் எல்லோரிடமும் முதலில் கேட்பது ‘எத்தனை மணி நேரம் எரியும்?’ என்பதைத்தான். பரணுக்குக் கீழே, சாமான் அறையில், நாளைக்கு ஐந்து நிமிஷம் எரியும் 60 வாட் குண்டு பல்பு இரண்டு மாதத்தில் 0.3 யூனிட்தான் இழுக்கும். அது பாட்டுக்கு இருக்கட்டும். ஹால், சமையலறை, வாசல் விளக்கு, பிள்ளைகள் படிக்கும் இடம், இவைதான் முதல் வரிசை.

என் நோட்டில் என்னையே ஆச்சரியப்படுத்திய ஆசாமி ‘ஜீரோ வாட்ஸ்’ பல்பு. படுக்கை அறையில் சிவப்பும் பச்சையுமாக எரியுமே, அது. பெயரில் பூஜ்யம் இருக்கிறதே தவிர அது 12 முதல் 15 வாட் வரை இழுக்கும். அந்தக் காலத்துச் சுழலும் மீட்டர்கள் இவ்வளவு சின்னக் கரண்டைச் சரியாகப் பதிவு செய்யாததால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். 15 வாட், இரவுக்கு 9 மணி நேரம், 60 நாள்: 8 யூனிட். ஹாலில் இருக்கும் எல்.இ.டி. பல்பைவிட இரண்டு மடங்குக்கு மேல்! அரை வாட் எல்.இ.டி. இரவு விளக்கு போட்டால் அது கால் யூனிட் சொச்சத்தில் முடிந்துவிடும். சாமி படத்துக்கு முன்னால் இருபத்து நாலு மணி நேரமும் எரியும் சின்ன பல்புக்கும் இதே கதைதான்.

விளக்கையெல்லாம் மாற்றிய பிறகும் பில் குறையவில்லை என்றால் அண்ணாந்து பாருங்கள். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 70, 80 வாட் இழுக்கும். எட்டு எல்.இ.டி. பல்பு சேர்ந்து இழுப்பதை அந்த ஒன்றே இழுக்கிறது, அதுவும் நாள் முழுக்க.

டியூப் லைட் சிக்கனமானதுதானே? அதையும் மாற்ற வேண்டுமா?

குண்டு பல்போடு ஒப்பிட்டால் டியூப் லைட் சிக்கனம். அந்த நல்ல பெயர் அதற்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் 40 வாட் என்பது குழாய் மட்டும் எடுப்பது. ஃபிட்டிங்கில் கனமாக இருக்கும் பழைய செப்புச் சோக் தனியாக 12 முதல் 15 வாட் தின்னும். கையை வைத்துப் பார்த்தால் சுடும். ஆக மொத்தம் 55 வாட். அதே 6 மணி நேரக் கணக்கில் கிட்டத்தட்ட 20 யூனிட். நாலு அடி எல்.இ.டி. பேட்டன் (டியூப் மாதிரி நீளமாக வரும் எல்.இ.டி. விளக்கு) 20 வாட் என்றால் 7.2 யூனிட். ஒரு விளக்குக்கு 12 யூனிட்டுக்கு மேல் மிச்சம். மெல்லிய 28 வாட் டி5 குழாயும் எலக்ட்ரானிக் சோக்கும் வைத்திருக்கிறவர்கள் அவசரப்பட வேண்டாம். அது கெட்டுப்போன பிறகு மாற்றினால் போதும்.

இங்கே நிறையப் பேர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பை மாட்டுவார்கள். அப்புறம் ‘எல்.இ.டி.யில் வெளிச்சமே பத்தவில்லை’ என்று சொல்வார்கள். 2,400 லூமன் இருந்த இடத்தில் 900 லூமன் வைத்தால் எப்படிப் பத்தும்? குழாய் அறை முழுக்க ஒளியைப் பரப்பும். பல்பு ஒரு புள்ளியிலிருந்து, அதுவும் பெரும்பாலும் முன்பக்கமாகவே அடிக்கும். டியூப்புக்கு மாற்று பேட்டன்தான். 20 வாட் பேட்டனின் 2,000 லூமன், கணக்கில் புது டியூப்பைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் உங்கள் வீட்டில் எரிவது முனைகள் கறுத்து, தூசி படிந்து, சக்தி இழந்த டியூப். அதற்குப் பக்கத்தில் புதுப் பேட்டன் பளிச்சென்றுதான் தெரியும்.

பழைய ஃபிட்டிங்கிலேயே எல்.இ.டி. குழாயைச் செருகலாமா என்றும் கேட்கிறார்கள். சில குழாய்களுக்கு ஸ்டார்ட்டரை மட்டும் மாற்றினால் போதும், சிலவற்றுக்குச் சோக்கையே எடுத்துவிட்டு வயரிங்கை மாற்ற வேண்டும். சோக் அப்படியே இருந்தால் அது தின்பதைத் தின்றுகொண்டுதான் இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடத்தான் போகிறீர்கள் என்றால் ஃபிட்டிங்கோடு கழற்றிவிட்டுப் புதுப் பேட்டன் போட்டுவிடுங்கள்.

ஒரு காலத்தில் சி.எஃப்.எல்.தான் நல்லது என்றார்களே, இப்போது ஏன் யாரும் சொல்வதில்லை?

அந்தக் காலத்தில் அது நல்லதுதான். 2009-இல் மத்திய அரசு ‘பசத் லேம்ப் யோஜனா’ என்ற திட்டத்தில், குண்டு பல்பை வாங்கிக்கொண்டு 15 ரூபாய்க்கு சி.எஃப்.எல். கொடுக்க ஏற்பாடு செய்தது. அப்போது எல்.இ.டி. விலை எட்டாத உயரத்தில் இருந்தது.

சி.எஃப்.எல்.லுக்கு மூன்று குறை. சுவிட்ச் போட்டதும் முழு வெளிச்சம் வராது, மெதுவாக விழித்துக்கொள்ளும். அடிக்கடி போட்டு அணைத்தால் சீக்கிரம் சாகும், அதனால் பாத்ரூமுக்கு ஆகாது. மூன்றாவது, உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. டியூப் லைட்டிலும் உண்டு. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. அதன்படி உலகம் முழுவதும் இந்த வகை விளக்குகளின் உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்திவருகிறார்கள். ஆகவே புதிதாகத் தேடி வாங்க வேண்டியதில்லை.

எல்.இ.டி. விலை எப்படி இவ்வளவு சரிந்தது?

மொத்தமாக வாங்கியதில்தான். மலிவு விலையில் எல்.இ.டி. பல்பு கொடுக்க 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்துக்காக ஈ.ஈ.எஸ்.எல். என்ற அரசுத் துறை நிறுவனம் கோடிக்கணக்கில் பல்புகளுக்கு டெண்டர் விட்டது. 2014-இல் ஒரு பல்புக்கு 310 ரூபாய் கொடுத்து வாங்கியது, 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. அந்தத் திட்டத்தில் நாடு முழுக்க 36 கோடிக்கு மேல் பல்புகள் போயிருக்கின்றன. கடை விலையும் பின்னாலேயே இறங்கிவிட்டது.

பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருந்தது. ஆறு மாதத்தில் போய்விட்டதே?

25,000 மணி நேரம் என்பது ஒளிவிடும் சில்லின் கணக்கு. அதுவும் ‘வெளிச்சம் முதல்நாள் இருந்ததில் 70 சதவீதமாகக் குறையும்வரை’ என்ற பொருளில். எல்.இ.டி. பல்பில் முதலில் சாவது பெரும்பாலும் சில்லு அல்ல. அடிப்பாகத்தில் ஒளிந்திருக்கும் டிரைவர், அதாவது 230 வோல்ட்டை எல்.இ.டி.க்குத் தேவையான கரண்டாக மாற்றும் சின்னச் சர்க்யூட். அதிலும் கெப்பாசிட்டர். சூடுதான் அதற்கு எமன்.

எல்.இ.டி. சுடாது என்பது பாதி உண்மை. முன்பக்கம் சுடாது. கழுத்துப் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். அந்தச் சூட்டை வெளியேற்ற உள்ளே அலுமினியத் தகடு இருக்க வேண்டும். மலிவுப் பல்பில் அதைத்தான் மிச்சம் பிடிப்பார்கள். நானும் ஒருமுறை நடைபாதைக் கடையில் ‘நூறு ரூபாய்க்கு மூணு’ என்று வாங்கி வந்தேன். கையில் தூக்கும்போதே பஞ்சாக இருந்தது. தீபாவளிக்கு மாட்டியதில் இரண்டு, பொங்கலைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு எடைதான் முதல் பரீட்சை. ஒரே வாட்டில் இரண்டு பல்பு இருந்தால் கனமானதை எடுப்பேன்.

நல்ல பல்பையும் கொல்லலாம். காற்றே போகாத கண்ணாடிக் குண்டுக்குள் போட்டு மூடி, வாசலில் இரவு முழுக்க எரியவிட்டால் சூடு வெளியேற வழியில்லை. அப்படிப்பட்ட இடத்தில் குறைந்த வாட் போடுங்கள், அல்லது மூடியைக் கழற்றுங்கள். ஹோல்டர் தளர்ந்து உள்ளே பொறி தட்டினாலும் பல்பு போய்விடும். ஒரே ஹோல்டரில் மூன்றாவது பல்பும் போனால் பல்பை மாற்றுவதை நிறுத்திவிட்டு ஹோல்டரை மாற்றுங்கள்.

வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊர் என்றால், பெட்டியில் ‘100–300 வோல்ட்’ என்பதுபோல் அகலமான வரம்பு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். லோ வோல்டேஜில் குண்டு பல்பு அழுது வடியும், டியூப் கண்ணடித்துக்கொண்டே இருக்கும். இந்த வகை எல்.இ.டி. அசையாமல் எரியும். கிராமத்தில் எல்.இ.டி.க்கு வந்த மரியாதைக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

பெட்டியில் வேறு என்ன பார்க்க வேண்டும்?

‘ஐ.எஸ். 16102’ என்ற தர எண்ணும், அதோடு ஆர் எழுத்தில் தொடங்கும் பி.ஐ.எஸ். (இந்திய அரசின் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். எல்.இ.டி. பல்புக்கு இது கட்டாயம். ஃபிரிட்ஜில் இருப்பதுபோன்ற நட்சத்திர முத்திரையும் 2018-லிருந்து எல்.இ.டி. பல்புக்குக் கட்டாயமானது. ஒரு வாட்டுக்கு எத்தனை லூமன் என்பதை வைத்துத்தான் அந்த நட்சத்திரம். இரண்டு வருஷ வாரண்டி என்றால் கடைக்காரரிடம் தேதி போட்டு பில் வாங்குங்கள். பில்லைச் சமையலறை டப்பாவில் போட்டு வைத்து, சரியாக வாரண்டி முடிந்த அடுத்த வாரம் கண்டெடுப்பது நம் எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். நான் இப்போது பல்பின் கழுத்திலேயே மாட்டிய தேதியை மார்க்கரில் எழுதிவிடுகிறேன்.

‘பவர் ஃபேக்டர்’ என்று ஒரு எண் இருக்கும். அது குறைந்தால் வீட்டு பில் ஏறாது. மின்கம்பிக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும்தான் சுமை. 0.9 போட்டிருந்தால் நல்ல டிரைவர் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் ஹோல்டர்: நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு பின் வைத்து அழுத்தித் திருப்பும் வகை. புது அலங்கார விளக்குகளில் திருகும் வகை வருகிறது. பார்த்து வாங்காமல் இரண்டு முறை கடைக்கு நடக்காதீர்கள்.

வெள்ளையா, மஞ்சளா? எது கரண்ட் குறைவு?

கரண்டில் பெரிய வித்தியாசம் இல்லை, மஞ்சளில் லூமன் கொஞ்சம் குறையலாம். நிறத்தைக் கெல்வின் கணக்கில் போட்டிருப்பார்கள். 2,700 என்றால் குண்டு பல்பு மஞ்சள், 4,000 நடுத்தரம், 6,500 நீலம் பாய்ந்த வெள்ளை. நம் ஊரில் 6,500-ஐத்தான் ‘நல்ல வெளிச்சம்’ என்று நினைக்கிறோம். டியூப் லைட் பழக்கிவிட்ட கண்.

என் கருத்து: சமையலறைக்கும் படிக்கும் மேசைக்கும் வெள்ளை சரி. படுக்கை அறைக்கு மஞ்சள்தான். இரவில் கண்ணில் விழும் நீலம் கலந்த பிரகாசமான வெளிச்சம், தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பதைத் தள்ளிப்போடும். ஹாலுக்கு 4,000 போட்டுப் பாருங்கள், பழகிய பிறகு 6,500 மருத்துவமனை மாதிரித் தெரியும்.

இதைவிட முக்கியமாக நான் பார்ப்பது சி.ஆர்.ஐ. என்ற எண். பொருளின் உண்மை நிறம் எவ்வளவு சரியாகத் தெரியும் என்பதற்கான மதிப்பெண் அது. குண்டு பல்புக்கு 100, சாதாரண எல்.இ.டி.க்கு 80. புடவைக் கடையில் அரக்கு நிறம் என்று எடுத்ததை வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்தால் வேறாகத் தெரியுமே, அதற்குக் காரணம் இதுதான். கண்ணாடி முன்னாலும் சமையல் மேடை மேலும் 90 இருந்தால் கூடுதல் காசு கொடுக்கலாம். மற்ற இடத்துக்கு 80 போதும்.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக மினுங்குகிறது. பேயா, பழுதா?

பேய் இல்லை. சுவிட்ச் போர்டில் சிவப்பு இண்டிகேட்டர் உள்ள சுவிட்ச் இருந்தால், அதன் வழியாகக் கசியும் துளிக் கரண்டே எல்.இ.டி.யை மினுங்க வைக்கப் போதும். பக்கத்துப் பக்கமாக நீளமாகப் போகும் வயர்களும் இதைச் செய்யும். இதில் ஆபத்து இல்லை.

ஆபத்தான காரணம் ஒன்று உண்டு. சுவிட்சைக் கரண்ட் வரும் ஃபேஸ் வயரில் கொடுக்காமல், திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் கொடுத்திருந்தாலும் இப்படி ஆகும். அப்போது சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். பல்பை மாற்றக் கை வைத்தால் அடிக்கும். குண்டு பல்பு காலத்தில் இந்தத் தப்பு வெளியே தெரியாமலே இருந்தது. ஆகவே மினுங்கினால் ஒருமுறை எலக்ட்ரீஷியனிடம் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லிவிடுங்கள். அதுவரை மெயினை அணைக்காமல் அந்தப் பல்பைத் தொட வேண்டாம்.

எல்.இ.டி. வெளிச்சத்தில் தலை வலிக்கிறது என்கிறார்கள், உண்மையா?

சிலருக்கு வலிக்கும், பெரும்பாலும் துடிப்பினால். நம் கரண்ட் நொடிக்கு 50 சுற்று என்பதால் மட்டமான டிரைவர் உள்ள பல்பு நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். செம்புச் சோக் டியூப்பிலும் இது உண்டு. செல்போன் கேமராவைப் பல்பின் பக்கம் காட்டுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் அழுத்தமாக ஓடினால் அந்தப் பல்பு படிக்கும் மேசைக்கு வேண்டாம். இன்னொரு காரணம், மூடியில்லாத ஸ்பாட் லைட் நேராகக் கண்ணில் அடிப்பது.

டியூப் லைட்டை அடிக்கடி போட்டு அணைத்தால் அதிகக் கரண்ட் ஆகுமாமே?

ஆகாது. ‘போடும்போதுதான் நிறைய இழுக்கும், எரியட்டும் விடு’ என்று எங்கள் அப்பாவும் சொல்வார். அந்தத் தொடக்க இழுப்பு சில நொடிச் சமாசாரம். டியூப்பும் சி.எஃப்.எல்.லும் அடிக்கடி போட்டால் ஆயுள் குறையும், அது மட்டும் நிஜம். எல்.இ.டி.க்கு அந்தக் கவலையும் இல்லை. அறையை விட்டு வெளியே வந்தால் அணைத்துவிடலாம்.

இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் விளக்கு மாற்றினால் லாபமா?

12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றிலிருந்து, இழப்பெல்லாம் போகச் சுமார் 1,000 வாட் மணி கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பழைய ஃபேன், இரண்டு சோக் டியூப் என்றால் 260 வாட். நாலு மணி நேரத்துக்குள் பேட்டரி படுத்துவிடும். டியூப்பைப் பேட்டனாக மாற்றினால் 190 வாட், ஐந்து மணி நேரத்துக்கு மேல். ஃபேனையும் கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. வகையாக்கினால் மொத்தமே 100 வாட். புயல் நேரத்தில் ராத்திரி முழுக்க ஓடும்.

இன்வெர்ட்டர் இல்லாதவர்களுக்கு உள்ளேயே பேட்டரி வைத்த ‘இன்வெர்ட்டர் பல்பு’ வருகிறது. கரண்ட் போனால் தானே எரியும், சில மணி நேரம் தாங்கும். கழற்றிக் கையில் அடிப்பாகத்தைத் தொட்டாலும் எரியும், குழந்தைகளுக்கு அது ஒரு வேடிக்கை. பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் தளர்ந்துவிடும் என்பதால் ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று போதும்.

மழைக்கு முன்னால் ஈசல் மொய்க்கிறதே, எந்த விளக்குக்கு வராது?

வராத விளக்கு இல்லை. மஞ்சள் எல்.இ.டி.க்குக் குறைவாக வரும். வெள்ளைக்கும் டியூப்புக்கும் அதிகம்.

சி.எஃப்.எல். கீழே விழுந்து உடைந்துவிட்டது. என்ன செய்வது?

பதற வேண்டாம், ஆனால் துடைப்பத்தையும் எடுக்க வேண்டாம். ஃபேனை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, குழந்தைகளோடு பத்துப் பதினைந்து நிமிஷம் அறையை விட்டு வெளியே இருங்கள். பிறகு கெட்டி அட்டையால் சில்லுகளை அள்ளி, ஒட்டும் டேப்பால் தூளை ஒற்றி எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள பாட்டிலில் போட்டு வையுங்கள். வேக்குவம் கிளீனர் கூடாது. பாதரச ஆவியை அது அறை முழுக்கப் பரப்பிவிடும்.

உடையாத பழைய சி.எஃப்.எல்., டியூப், எல்.இ.டி. எதுவும் குப்பைத் தொட்டிக்குப் போக வேண்டியவை அல்ல, மின்னணுக் கழிவோடு சேர வேண்டியவை. உடைந்த டியூப் தூய்மைப் பணியாளர் கையை வெட்டிவிடும். அதனால் தனியாகக் கட்டி, என்னவென்று சொல்லிக் கொடுங்கள்.

அப்படியானால் வீட்டில் இருக்கும் குண்டு பல்பை எல்லாம் தூக்கிப் போட்டுவிடலாமா?

ஒன்றிரண்டை வைத்திருங்கள். வெளிச்சத்துக்கு அல்ல, சூட்டுக்கு. கோழிக்குஞ்சு வளர்க்கிறவர்கள் முதல் சில வாரம் அட்டைப் பெட்டிக்குள் குண்டு பல்பைத் தொங்கவிட்டுத்தான் கதகதப்பு கொடுப்பார்கள். அங்கே எல்.இ.டி. மாட்டினால் குஞ்சுகள் நல்ல வெளிச்சத்தில் நடுங்கும். எலக்ட்ரீஷியன்களும் ‘சீரீஸ் போர்டு’ செய்ய நூறு வாட் பல்பைத் தேடுகிறார்கள். ரிப்பேருக்கு வந்த மிக்ஸியையோ அயர்ன் பாக்ஸையோ அந்தப் பல்பின் வழியாகக் கரண்ட் கொடுத்துச் சோதிப்பார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் ஃபியூஸ் போகாது, பல்பு முழுசாக எரிந்து காட்டிக்கொடுக்கும். எங்கள் தெருவில் மோட்டார் ரிப்பேர் செய்யும் அண்ணன், நான் கழற்றிய நூறு வாட் பல்பு இரண்டையும் பழைய செய்தித்தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார். கடையில் இப்போது கேட்டால் கிடைப்பதில்லையாம்.